உருகாமலே உருமாறும் கல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் கட்டிவரும் வீட்டின் கடைக்காலுக்காக இறக்கிய கருங்கற்களை மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடுகின்றன. சில கற்களில் அவ்வரிகள் பிசைந்த மாவைப் போல வளைந்து மடிந்திருக்கின்றன. இந்தக் கல் ஒரு காலத்தில் உருகிக் குழம்பாக இருந்ததா?
– வாசகி, காட்பாடி

பதில்: இல்லை. அந்தக் கல்லின் பெரும்பகுதி கெட்டியாக இருந்தபடியேதான் இவ்வடிவத்தை அடைந்தது. நீங்கள் பார்த்தது நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. வேலூரைச் சுற்றிய குன்றுகளில் பரவலாகக் காணப்படும் இதையும், வேறு சில பாறைகளையும் சேர்த்தே நாம் கருங்கல் என்ற ஒரே பெயரால் அழைத்துவருகிறோம்.

உருகாமல் ஒரு பொருள் எப்படி வேறொன்றாக மாறும் என்ற ஐயத்துக்குச் செங்கல் சூளையே நல்ல விடை. சுடாத பச்சைக் கல் சூளைக்குள் உருகுவதில்லை. அச்சில் வார்த்த வடிவம் மாறாமல் இருக்கும்போதே அதன் உள்ளமைப்பு மாறி, தண்ணீரில் கரையாத செங்கல்லாகிவிடுகிறது. பூமிக்கடியில் இத்துடன் அழுத்தமும் சேர்கிறது, காலமும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக நீள்கிறது. ஒரு கிலோமீட்டர் ஆழம் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். மிகப் பழைய, குளிர்ந்த நிலப்பகுதிகளில் இது குறைவு. வடஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்களின் முதியவர்களைக் கேட்டால் சுரங்கத்தின் வெக்கையைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. அந்த வயலில் தங்கத்தைத் தாங்கி நின்ற கரும்பாறையே எரிமலைக் குழம்பு உறைந்து, பின்னர் ஆழத்தில் உருமாறியதுதான்.

ஆனால் பாறை உருமாற 60 டிகிரி போதாது. ஏறத்தாழ 200 டிகிரியில் தொடங்கும் மாற்றம் 700, 800 டிகிரி வரையிலும் படிப்படியாகத் தொடர்கிறது. மேலே கிடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் பாறையும் நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 260 மடங்கு சுமையை ஏற்றுகிறது. இந்நிலையில் பழைய கனிமங்களின் அணுக்கள் கட்டுக் குலைந்து, மணிகளுக்கிடையே மெல்லிய படலமாக ஊறியிருக்கும் நீரின் வழியே நகர்ந்து, அவ்வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற புதிய கனிமங்களாகக் கூடிக்கொள்கின்றன. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவதும், களிமண் படிவு முதலில் பலகைக்கல்லாகி, மேலும் சூடேற ஏற சிஸ்ட், நைஸ் என மாறுவதும் இவ்வழியில்தான்.

உங்கள் கல்லின் கறுப்பு வரியை ஒரு குண்டூசியால் மெல்லக் கீறிப் பாருங்கள். மினுமினுக்கும் செதில்கள் பெயர்ந்து வந்தால், அது நம் ஊர்ப் பிள்ளைகள் காக்காப்பொன் என்று சேர்த்து வைக்கும் மைக்காவேதான். அச்செதில்கள் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடக்காமல், அடுக்கி வைத்த ஏட்டுச் சுவடிகளைப் போல ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். ஒரு திசையில் கடுமையாக நெருக்கப்பட்டதால், அந்நெருக்கத்துக்குக் குறுக்காக அவை வளர்ந்தன. வெள்ளை வரிகள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமங்கள். அவ்வளவு சூட்டில் பாறை கெட்டியாக இருந்தாலும் விறைப்பை இழந்துவிடுவதால், நெருக்கம் தொடரத் தொடர வரிகளும் உடையாமல் மடிகின்றன.

ஒன்றை மட்டும் திருத்திச் சொல்ல வேண்டும். சூளையில் அளவுக்கு மீறி வெந்த செங்கற்கள் ஓரங்களில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் சில நைஸ் பாறைகளில் எளிதில் உருகும் பகுதி மட்டும் இளகி, தடித்த வெள்ளை நரம்புகளாக ஓடி உறைந்திருக்கும். அப்படிப்பட்ட நரம்பு உங்கள் கற்களில் இருந்தால், அந்த அளவுக்கு உங்கள் ஊகம் சரியே.

கேள்வி: வெப்பமும் அழுத்தமும் கூடியதால் பாறை மாறியது என்றால், அது மேலே வந்து அவை குறைந்ததும் ஏன் பழைய பாறையாகத் திரும்பவில்லை?
– பதினோராம் வகுப்பு மாணவி, ஆம்பூர்

பதில்: பாடப்புத்தகம் வாய்பாடாகச் சொல்வதை ஒப்பிக்காமல் எதிர்க்கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. விடை தண்ணீரில் இருக்கிறது.

உங்கள் ஊருக்குத் தெற்கே நிற்கும் ஜவ்வாது மலையில் நீலமும் பச்சையும் கலந்த கருநிறத்தில், எண்ணெய் பூசியது போன்ற மினுக்கோடு காணப்படும் கல் சார்னோகைட் என்னும் உருமாறிய பாறை. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதால், சென்னைப் பல்லாவரத்துப் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893ஆம் ஆண்டு இதற்கு இப்பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இப்பகுதியின் சார்னோகைட் உருவானது.

மைக்கா, ஹார்ன்பிளெண்ட் ஆகிய கனிமங்கள் தம் கட்டமைப்புக்குள்ளேயே நீரை வைத்திருப்பவை. அந்தச் சூட்டில் அவை சிதைந்து, நீரை வெளியேற்றிவிட்டு, ஹைப்பர்ஸ்தீன் என்னும் வறண்ட கனிமமாகின்றன. வெளியேறிய நீர் பாறையை விட்டே போய்விடுகிறது. மேலே கிடந்த பாறை மழையாலும் ஆறுகளாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட, சுமை குறைந்த நிலம் மெல்ல மெல்ல மேலெழுந்து, ஆழத்துக் கல் வெளிச்சத்துக்கு வருகிறது. அப்போது மைக்காவாகத் திரும்புவதற்கு வேண்டிய நீர் அதனிடம் இல்லை. அணுக்களைச் சுமந்து செல்லும் ஈரமும் இல்லை, வெப்பமும் தணிந்துவிட்டது. ஆகவே ஆழத்தில் பெற்ற உருவிலேயே அது உறைந்து நிற்கிறது.

நீங்கள் கேட்டபடியே பாறை பின்னோக்கித் திரும்பிய சில இடங்களும் உண்டு. மேலே வரும் வழியில், சூடு இன்னும் எஞ்சியிருந்தபோதே விரிசல்களின் வழியாக நீர் புகுந்த இடங்களில், கருநிறச் சார்னோகைட் விரிசலின் இருபுறமும் வெளுத்து, மறுபடி ஹார்ன்பிளெண்டும் மைக்காவும் கொண்ட சாம்பல் நிற நைஸாகத் திரும்பியிருக்கிறது. நீர் கிடைத்த இடத்தில் பாறை பின்னோக்கியும் மாறும்.

கேள்வி: ஏலகிரி மலையும் உருமாறிய பாறைதானா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: அல்ல. ஏலகிரி பெரும்பாலும் சயெனைட் (syenite) என்னும் தீப்பாறையால் ஆனது. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது சுற்றியுள்ள நைஸும் சார்னோகைட்டும் உருவாகி நெடுங்காலம் கழிந்த பின், பாறைக் குழம்பு அவற்றுக்குள் புகுந்து ஆழத்திலேயே குளிர்ந்து உறைந்தது. மலைப்பாதையில் வெட்டப்பட்ட பாறை முகங்களைக் கவனித்தால், இளஞ்சிவப்பும் சாம்பலுமான ஃபெல்ட்ஸ்பார் மணிகளே மிகுந்திருப்பதையும், குவார்ட்ஸ் அரிதாக இருப்பதையும் காணலாம்.