பொதுத் தோட்டத்துக்குப் பூட்டு போடலாமா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

எங்க அபார்ட்மெண்ட் பின்னாடி சும்மா கிடந்த இடத்துல ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க மூணு பேர் காய்கறித் தோட்டம் போட்டோம். மொத்தம் 24 வீடு, எல்லாருக்கும் பொதுன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சோம். ஆனா தண்ணி ஊத்துறது, களை எடுக்குறது, சமையல் கழிவை மக்க வைக்கிறது எல்லாம் இன்னிக்கு வரைக்கும் நாங்க மூணு பேர்தான். பறிக்க மட்டும் எல்லாரும் வர்றாங்க. போன மாசம் ஒருநாள் காலைல போய்ப் பாத்தா தக்காளில ஒரு பிஞ்சு கூட இல்ல, செடியோட முறிச்சுப் போட்டிருக்காங்க. கேட் போட்டுப் பூட்டிரலாம்னு கூட இருக்கறவர் சொல்றார். எனக்கு மனசு வரல, கோவமும் போகல. என்ன செய்யட்டும்? இன்னொண்ணு, பக்கத்துலயே மெயின் ரோடு, அந்த மண்ணுல விளையறத சாப்பிடலாமா? விதையும் நாங்களே எடுக்கணும்னு ஆசை, எதுல ஆரம்பிக்கலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

செடியோட முறிச்சுப் போட்டிருக்காங்கன்னு படிச்சப்ப எனக்கும் வயிறு எரிஞ்சுது. முறிச்சவங்களுக்கு அந்தச் செடி நாத்து விட்டதுலேர்ந்து காய்க்கறதுக்கு மூணு மாசம் ஆச்சுன்னு தெரிஞ்சிருக்காது, ஏன்னா அந்த மூணு மாசத்துல ஒருநாள் கூட அவங்க அங்க நிக்கல. நீங்க 24 வீட்டுக்கும் காய்ல பங்கு குடுத்தீங்க, அதுக்கு முன்னாடி இருக்கற எதுலயும் பங்கு குடுக்கல. தப்புன்னு சொல்லல, ஆசையா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் செய்றோம், நாங்களும் செஞ்சோம்.

எங்க தோட்டத்துல இதே மாதிரி ஆனப்ப நாங்க பூட்டுதான் போட்டோம். திருட்டு நின்னுச்சு, கூடவே வாரா வாரம் காய்கறித் தோலும் காஞ்ச இலையும் கொண்டுவந்து குடுத்துட்டிருந்த வீடுகளும் நின்னுபோச்சு, உரக்குழி காலியாச்சு, அடுத்த சீசன்ல எரு வெளியிலேர்ந்து வாங்க வேண்டியதாப் போச்சு. ஊர்க் கழிவு ஊர் மண்ணுக்கே திரும்பணும்னு ஆரம்பிச்ச தோட்டம் அது. இன்னிக்கும் நினைச்சா வருத்தமா இருக்கு.

எலினோர் ஆஸ்ட்ரம்னு ஒருத்தங்க, 2009ல பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கினவங்க, அதை வாங்கின முதல் பெண்ணும் அவங்கதான். பொதுவுல விட்டா ஆளாளுக்கு எடுத்து அழிச்சிருவாங்க, ஒண்ணு அரசாங்கம் பாத்துக்கணும் இல்லன்னா தனியாருக்குக் குடுத்துரணும்னு பல பேர் நம்பிட்டிருந்த காலத்துல, மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி இடம்னு எத்தனையோ ஊர்கள்ல ஜனங்களே தலைமுறை தலைமுறையா பொதுச்சொத்தக் காப்பாத்திட்டு வர்றத ஆராய்ஞ்சு காட்டினாங்க. அப்படி நிலைச்ச இடங்கள்ல யார் யார் பங்காளின்னு தெளிவா இருந்துச்சு, அனுபவிக்கறவங்களே உக்காந்து விதி போட்டாங்க, மீறினா முதல்ல சின்னதா ஒரு கண்டிப்பு, திரும்பத் திரும்ப மீறினாதான் பெருசா. உங்க தோட்டத்துல இதுல எது இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு நேர் எதிரா இங்கிலாந்துல டாட்மார்டன்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. 2008லேர்ந்து அங்க போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி, ரயில்வே ஸ்டேஷன்ல எல்லாம் காய்கறியும் மூலிகையும் நட்டு வச்சு, யார் வேணா பறிச்சுக்கலாம்னு விட்டிருக்காங்க. அங்க பங்காளிக் கணக்கே கிடையாது, இது எல்லாருக்கும்னு போர்டே இருக்கும், அதனால ஏமாந்துட்டோம்னு யாருக்கும் தோணாது. ரெண்டு வழியும் நல்ல வழிதான். நீங்க வாயால டாட்மார்டன்னு சொல்லிட்டு மனசுக்குள்ள பங்காளிக் கணக்கு வச்சிருக்கீங்க தம்பி, கோவம் அங்கேர்ந்துதான் வருது.

அதனால நான் இருந்தா இடத்த ரெண்டாப் பிரிப்பேன். நடைபாதை ஓரம் முழுக்க பறிக்கப் பறிக்கத் துளிர்க்கறதா போடுவேன், கீரை, புதினா, மிளகாய் மாதிரி, அங்க யார் வேணா கை வைக்கலாம், ஒரு தடவை மட்டும் எல்லாரையும் கூப்பிட்டு கீரைய வேரோட பிடுங்காம அடித்தண்டு ரெண்டு விரல் விட்டு எப்படி அறுக்கணும்னு காட்டிரணும். உள்பக்கம் தக்காளி, கத்திரி, கொடி வகை, இது வாரத்துல ஒரு மணி நேரமாவது முறை வச்சு வேலை செய்ற வீடுகளுக்கு. வயசானவங்க, குனிய முடியாதவங்க, வேலைக்கு ஓடறவங்க கழிவு தரம் பிரிச்சுக் குடுத்தா அதுவும் முறைதான், நாத்து வளர்க்க அவங்க பால்கனிய குடுத்தாலும் முறைதான், இதுல கறாரா இருக்காதீங்க. தக்காளிய ஒரே நாள்ல விதைக்காம ரெண்டு வாரம் விட்டு விட்டு விதைங்க, மொத்தமா பழுத்து நிக்கறப்பதான் மொத்தமா அள்ளத் தோணும்.

இந்த விதியெல்லாம் நீங்க மூணு பேர் எழுதி ஒட்டாதீங்க. 24 வீட்டையும் கூப்பிடுங்க, எட்டு வீடுதான் வரும், பரவால்ல, அந்த எட்டு வீடு பேசி முடிவு பண்ணட்டும்.

மண்ணு விஷயம். பழைய பெட்ரோல்ல ஈயம் (lead, உடம்புக்கு விஷம்) கலந்திருந்தாங்க, உலகத்துல கடைசியா அல்ஜீரியா 2021லதான் நிறுத்துச்சு. ஈயம் மக்கி அழியாது, ரோட்டோர மண்ணுல அப்படியே தங்கும், பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவரோரமும் இருக்கும். ஒரு தடவை மண் பரிசோதனைக்குக் குடுத்திருங்க. அதுவரைக்கும் கிழங்கும் கீரையும் அந்த மண்ணுல வேண்டாம், காய்கள்ல ஈயம் ரொம்பக் கம்மியாத்தான் ஏறும். பெரிய ஆபத்து தூசிதான், இலைல படியறது, குழந்தைங்க கைல ஒட்டறது. கியூபாவுக்கு சோவியத் உதவி நின்னுபோன 1990கள்ல, அதோட தலைநகர் ஹவானாவுல பல காலி மனைங்கள்ல தரை லாயக்கில்லாம இருந்தப்ப, மேல கரை கட்டி மக்கின எருவும் மண்ணும் கொட்டி அந்தப் பாத்தியிலதான் விளைய வச்சாங்க. உங்க கீரைப் பாத்திக்கும் அதையே செய்ங்க, ரோட்டுப் பக்கம் அடர்த்தியா ஒரு வேலி வளர்த்துருங்க.

விதைக்கு தக்காளி நல்லது, பெரும்பாலும் தன் பூவுலயே மகரந்தம் சேந்துக்கும், அதனால பக்கத்துல வேற ரகம் இருந்தாலும் பெரும்பாலும் அதே ரகமா வரும். ரெண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கின ஹைப்ரிட் மட்டும் வேண்டாம், அதுல எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. பூசணி வகை சட்டுனு கலந்துரும், அது பின்னாடி பாத்துக்கலாம். நோயில்லாத செடில நல்ல பழமா ஒண்ணப் பாத்து காம்புல ஒரு துணிய கட்டிருங்க, இது விதைக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க, அவங்க காவல் காப்பாங்க. நல்லாப் பழுத்ததும் சதையோட பிழிஞ்சு ரெண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழல்ல உலர்த்தி, 24 பொட்டலமா மடிச்சு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் குடுங்க, முறிச்ச வீடு எதுன்னு தெரிஞ்சா அங்கயும்.