எள்ளுத் தாத்தா கேப்டனாம், எங்கே தேடுவது?

கேள்வி: திருச்சி பொன்மலையில் வசிக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் நாங்கள். எங்கள் எள்ளுத் தாத்தா மெட்ராஸ் பட்டாளத்தில் கேப்டன், 1850 வாக்கில் பரங்கிமலையில் இறந்தார் என்று பாட்டி சொல்வார். அவருடைய பெற்றோர் யார் என்று தேடித்தர ஓர் ஏஜென்ட் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதல் பாதி வேலைக்குக் காசே ஆகாது.

அவர் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) பட்டாளமா, ராணியின் (பிரிட்டிஷ் அரசின்) பட்டாளமா என்பதை முதலில் பாருங்கள். படைப்பிரிவின் பெயரில் 'மெட்ராஸ்' இருந்தால் அநேகமாகக் கும்பினி. கும்பினி அதிகாரிகளின் தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ராணியின் அதிகாரிகளுடையவை லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில். இது தெரியாமல் தப்பான கதவைத் தட்டி வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கும்பினி என்றால் நீங்கள் கேட்க வேண்டியது 1789 முதல் 1860 வரையிலான 'கேடட்' தாள்கள், அதாவது அதிகாரியாகச் சேர விரும்பிய இளைஞர்களின் மனுக்கள். வேலைக்கு மனுப் போட்ட பையனின் ஞானஸ்நானச் சான்று அதில் இருக்கும். பெற்றோர் பெயரும் ஊரும் அதிலேயே கிடைத்துவிடும். கும்பினியின் எந்த டைரக்டர் இடம் கொடுத்தார், யார் சிபாரிசு செய்தார் என்பதும் இருக்கும். ராணியின் பட்டாளத்தில் 1871 வரை பதவியை விலைக்கு வாங்கலாம், கும்பினியில் சிபாரிசுதான். அந்தச் சிபாரிசுக்காரர் சில நேரம் சொந்தக்காரராகவே இருப்பார், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டாளம் என்றே தெரியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. சென்னை மாகாணத்தில் பாதிரிமார் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இதில் கும்பினி, ராணி என்ற பேதம் கிடையாது. ராணியின் அதிகாரி பரங்கிமலையில் இறந்திருந்தாலும் கும்பினியின் இந்த ஏட்டில்தான் தேட வேண்டும், கியூவில் அல்ல. ஆனால் கத்தோலிக்கக் கோயில்களில் நடந்த பலவும் இதில் ஏறவில்லை; அதற்குப் பங்குக் கோயிலுக்கே போக வேண்டும். 'ஃபேமிலிசர்ச்' (FamilySearch) தளத்திலும் 'ஃபிபிஸ்' (FIBIS) என்ற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்திலும் பெயர்ப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். லண்டனுக்குப் போன அந்தப் படியின் படத்துக்கு மட்டும் வேறு தளத்தில் சந்தா கட்ட வேண்டும். நம் ஊரில் எழுதிய ஏட்டை நாமே காசு கொடுத்துப் பார்ப்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இங்கே இருக்கும் மூலத்தைக் கேட்டுப் போனாலோ, கரையான் தின்றுவிட்டது, சாவி இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில்.

அப்புறம் அந்த ஏஜென்ட். இவர்களில் பலர் குடும்பப் பெயருக்கு ஒரு குலச்சின்னத்தை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் என்பதால் சின்னம் உங்களுடையது ஆகிவிடாது. அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்பட்டது. அடுத்து, லண்டன் விசா ஆசை காட்டுவார்கள். வம்சாவளி விசாவுக்குத் தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். எள்ளுத் தாத்தாவைக் காட்டி அதை வாங்க முடியாது.

இந்த வாரமே பாட்டியின் ஞானஸ்நானச் சான்றை வாங்குங்கள். அதிலுள்ள அவருடைய அப்பா பெயரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே போங்கள். கேப்டன் என்று வீட்டில் சொல்லப்பட்டவர் ஏட்டில் சார்ஜென்ட்டாக இருக்கலாம். அப்படியானால் அதிகாரிகளுக்கான கேடட் தாளில் அவரைத் தேடிப் பயனில்லை.