பார்வையில்லாத பிள்ளைக்குப் போனே எல்லாம் படித்துக் காட்டும்போது பிரெயில் எதற்கு?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் பார்வை அறவே இல்லாத ஒரு மாணவி சேர்ந்திருக்கிறாள். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயில் எனக்குத் தெரியாது. போனில் கேட்டே படித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அது போதுமா? போதாது என்றால் நான் யாரிடம் கேட்பது?

பதில்:

போதாது. தமிழுக்கு நிச்சயமாகப் போதாது.

நான் சிறப்பாசிரியர். சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களில் பள்ளி பள்ளியாகப் போய், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு எல்லா வீட்டிலும் வரும். பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் அப்பத்தா நேராகவே கேட்டார்: "அதான் போனே எல்லாத்தையும் வாசிச்சுருதே, புள்ளைய எதுக்கு டீச்சர் இந்த ஊசியோட மல்லுக்கட்ட விடுறீங்க?" நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லாமல், பேத்தியிடம் 'பழம்' என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். "ப, ள, ம்" என்றாள். நம் ஊர் வாயில் அது 'பளம்'தானே, பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

ழ-வையாவது திருத்தமாகப் பேசுகிறவர் ஒருவர் சொல்லிக் கேட்டால் பிடித்துவிடலாம். ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றுதான். ர, ற இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். கண்ணால் படிக்கும் பிள்ளை இந்த வித்தியாசங்களைக் கடைப் பலகையிலும் பஸ் போர்டிலும் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறது. கேட்டு மட்டுமே வளரும் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கேயும் எதிர்ப்படாது. ஒரு சொல் எங்கே முடிகிறது, எங்கே ஒற்று மிகுகிறது என்பதும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுத ஒருவர் உட்காருவார், அதனால் குறை வெளியே தெரியாது. விடைத்தாளில் இருப்பது அந்த எழுதுபவரின் தமிழ். பிள்ளை கல்லூரிக்குப் போய்க் கணினியில் தானே தட்டச்சு செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

பிரெயில் கஷ்டம் என்ற பயத்தை முதலில் விடுங்கள். பார்க்கிற பிள்ளைக்குத் தமிழில் 247 எழுத்து. பிரெயிலில் 12 உயிர், 18 மெய், ஆய்தம், மெய்ப்புள்ளிக்கு ஒரு குறி, அப்புறம் சில கிரந்த எழுத்து, அவ்வளவுதான். உயிர்மெய்க்குத் தனி உருவம் கிடையாது. 'கா' என்றால் க-வும் அடுத்து ஆ-வும். 'கொ'வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று நாம் போடுகிற சுற்று வேலை அங்கே இல்லை. க, ஒ, முடிந்தது. மெய்யெழுத்து மட்டும் முதலில் குழப்பும், ஏனென்றால் புள்ளிக்குறி எழுத்துக்கு முந்தின கட்டத்திலேயே வந்துவிடும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறை இது. நம் ம-வுக்கும் இந்தி ம-வுக்கும் ஆங்கில எம்முக்கும் ஒரே புள்ளிகள். கண்ணால் பார்த்துக் கற்கிற உங்களுக்குச் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். விரலால் தடவி வேகமாக வாசிப்பது வேறு கதை. அது பிள்ளையின் பாடு, வருடக்கணக்கில் பழக வேண்டியது.

இனி, யாரிடம் கேட்பது என்பது. உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். ஆனால் எல்லா ஒன்றியத்திலும் பார்வைக் குறைபாட்டுக்கென்று படித்தவர் இருப்பதில்லை. செவித்திறனுக்குப் படித்தவர் பிரெயில் சொல்லித்தர வேண்டி வரும். படித்தவருக்கும் உங்கள் பள்ளிக்கு வாரத்துக்கு ஒருமுறை வர நேரம் கிடைத்தால் பெரிது. அதனால் நாங்களே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பல மாவட்டச் சிறப்பாசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் கேட்டதைவிட அங்கே கற்றதுதான் எனக்கு அதிகம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரெயில் கட்டத்தில் ஆறு புள்ளி. இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. ல என்பது இடப்பக்க மூன்றும். ள என்பது வலப்பக்க மூன்றும். தனியாகத் தடவினால் இரண்டும் வெறும் நெட்டைக் கோடுதான். போதாததற்கு, ஸ்லேட்டில் (தாளைச் செருகி ஊசியால் புள்ளி குத்துகிற சட்டம்) குத்தும்போது தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாக எழுதுவதால், ல-வைக் குத்துகிற கை வலப்பக்கம் போகும். தாளைத் திருப்பினால்தான் சரியாக வரும். ஒரு மாணவி பல்லியையும் பள்ளியையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். குழுவில் கேட்டேன். பார்வையில்லாத பட்டதாரி ஆசிரியர் ஒருவர் குரல் செய்தியில் பதில் போட்டார்: அந்த இரண்டையும் தனி எழுத்தாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் ஆறு புள்ளியும் நிறைந்த கட்டம் வைத்து நடுவில் கொடுங்கள், இடைவெளி எந்தப் பக்கம் அதிகம் என்று விரல் தானே கண்டுகொள்ளும். ஸ்லேட்டைச் சில மாதம் தள்ளிவைத்துப் பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரத்தில் எழுத விடுங்கள், அதில் எழுதினபடியே வாசிக்கலாம் என்றும் சொன்னார். அப்படித்தான் சரியானது. பிரெயிலை விரலால் வாசித்து வளர்ந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பார்வையில்லாத ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாத குழுவில் சேர்ந்து பெரிய பயன் இருக்காது. (அவர்கள் இருக்கும் குழுவில் தயவுசெய்து காலை வணக்கம் படம் போடாதீர்கள். அவர்கள் போன் 'படம்' என்று மட்டும் சொல்லும், பத்துப் பேர் போட்டால் பத்து முறை.)

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். "சரியாக வாசிக்க மாட்டேன் என்கிறாள்" என்று போட்டால் "பயிற்சி கொடுங்கள்" என்றுதான் பதில் வரும். எந்தச் சொல்லில் தடுக்கிறது, ஒரு கையா இரண்டு கையா, ஸ்லேட்டா பிரெயிலரா, இவ்வளவும் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், முகம், மருத்துவச் சான்று எதையும் போடாதீர்கள்.

நாளைக்கே ஆரம்பிக்க உங்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நம் பக்கத்து வீடுகளில் பல்லாங்குழிக் கட்டை இல்லாமலா போகும்? அதை நெட்டாக நிறுத்திப் பிடித்தால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. மேலே உள்ள மூன்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துணியால் மூடிவிடுங்கள். பிரெயில் கட்டம் தயார். புளியங்கொட்டை போட்டு எழுத்துச் சொல்லலாம், மற்றப் பிள்ளைகளும் போட்டிக்கு வருவார்கள். தாளுக்கு நகைக்கடை மாதக் காலண்டர் நல்ல கெட்டி. விரலுக்குப் பழக்கம் வேண்டுமென்றால் பழைய செட்டியார் வீட்டு நிலைக்கதவைத் தடவ விடுங்கள், பூவேலையில் கோடு எங்கே வளைகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். ஆத்தங்குடிக் கல் அழகுதான், இந்த வேலைக்கு உதவாது. அதில் இருப்பதெல்லாம் நிறம், விரலுக்கு வழவழப்பு மட்டுமே கிடைக்கும்.

அவளுக்குக் கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கிறதா என்று மதுரை அரவிந்த் மாதிரி ஒரு கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் பெரிய எழுத்தும் சேர்த்துக்கொள்ளலாம்.

போனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதை கேட்க, பெரிய வகுப்பில் பாடம் புரட்ட அதைவிட வசதி இல்லை. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான்களில் போனில் உள்ள டாக்பேக் தமிழ் பேசும், கணினிக்கு என்விடிஏ இலவசம். பார்வையில்லாதவர்களும் படிக்கக்கூடிய நூல்களுக்காக 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகமும் இருக்கிறது. பாடத்தைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்றிப் பகிர்ந்தால் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்று சில தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். 2012 சட்டத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்கு அதை அனுமதிக்கிறது. ஆகவே ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்த பாடத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம், எங்கள் குழுவில் பாதிப் போக்குவரத்து அதுதான். ஒரே நிபந்தனை, யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கும் பழைய வினாத்தாளை அப்படியே அனுப்பினால் திரைவாசிப்பான் ஏதோ ஆங்கில எழுத்துகளாக உளறும். பிரெயில் மென்பொருளும் அந்த உளறலையே புள்ளியாகக் குத்தித் தரும். உங்கள் பள்ளிக் கணினியில் பெரும்பாலும் அந்த எழுத்துருதான் இருக்கும், முதல் பருவத் தேர்வுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.