பாலித் தீவின் கெரிஸ் பிடி: வயதை எப்படி அறிவது?

கேள்வி: பாலித் தீவின் உபுது நகரில் ஒரு பழம்பொருள் கடையில் கெரிஸ் குறுவாளின் மரப்பிடி ஒன்றைப் பார்த்தேன். கோரைப்பற்களும் பிதுங்கிய கண்களும் கொண்ட அரக்கன் உருவம். அலகு கிடையாது, பிடி மட்டுமே. அது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லும் கடைக்காரர், அதற்கேற்ற விலையும் கேட்கிறார். ஊர் திரும்பிவிட்டேன். முன்பணம் அனுப்பலாமா?
– வாசகர், சென்னை

பதில்: இப்போது அனுப்ப வேண்டாம்.

கெரிஸின் பிடியைப் பாலி மக்கள் டங்கானன் என்கிறார்கள். அதில் தெய்வம் அல்லது அரக்கன் உருவம் செதுக்கப்பட்டிருந்தால் அது தொகோகன். வண்டை நினைவூட்டும் கொச்செட்-கொச்செட்டான் போன்ற வேறு வடிவங்களும் உண்டு. உங்கள் உருவத்தின் பெருவிரலில் நீண்ட நகம் இருந்து, கையில் சிறு கலசமும் இருந்தால், அது பெரும்பாலும் வாயு தேவனாக இருக்கும். அங்கே பாயு என்பார்கள்.

ஆனால் வடிவம் பெயரைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. பாலியில் இந்தச் செதுக்குவேலை இன்றுவரை அறுபடாமல் நடப்பதால், பாட்டன் செதுக்கிய அதே அரக்கனைப் பேரன் சென்ற ஆண்டு செதுக்கியிருக்கலாம். அலகோடு கிடைத்திருந்தாலும் பெரிய உதவி இல்லை. பிடி உடைந்தாலோ உரிமையாளர் மாறினாலோ பழைய அலகுக்குப் புதுப்பிடி போடுவது அங்கே வழக்கம்.

ஆகவே பிடியின் அடித்துளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலகின் வால்பகுதியில் துணியையோ முடியையோ சுற்றி, இறுக்கமாக அத்துளைக்குள் செருகுவார்கள். பல தலைமுறை கழற்றி மாட்டிய துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும், உட்சுவர் கறுத்திருக்கும். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பழைய பிடிக்குள் கறுத்த நூலிழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே கரும்பழுப்பாக மின்னும் பிடியின் துளைக்குள் வெளிறிய மரமும் துளையிடும் கருவியின் சுருள்கோடுகளும் தெரிந்தால், அந்த நிறம் பூசியதுதான். அடிப்பரப்பில் வெவேர் எனப்படும் உலோக வளையம் அமர்ந்த தடமும் இருக்க வேண்டும். அடுத்து தேய்மானம். உள்ளங்கையும் விரல்களும் படும் முதுகிலும் பக்கங்களிலும் தேய்ந்து, கை எட்டாத மடிப்புகளில் உளியின் கூர்மை மிஞ்சியிருந்தால் நம்பலாம். எல்லா மேடுகளும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் உப்புத்தாளின் வேலை என்றே எடுத்துக்கொள்வேன்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் "பழையது, பயன்பாட்டில் இருந்தது" என்றுதான் சொல்ல முடியும். நூற்றாண்டைச் சொல்ல ஆவணம் வேண்டும். டச்சுப் படைகள் பாலியின் அரசுகளான படுங்கை 1906இலும் க்ளுங்குங்கை 1908இலும் தாக்கியபோது பல கெரிஸ்கள் கொள்ளையாக நெதர்லாந்துக்குப் போயின. அந்நாடு 2023இல் இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்த 478 பொருள்களில் க்ளுங்குங் கெரிஸ் ஒன்றும் உண்டு. இப்படி அருங்காட்சியகப் பதிவேட்டில் ஏறியவற்றுக்குத்தான் "இந்த ஆண்டுக்கு முற்பட்டது" என்று உறுதியான எல்லை கிடைக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தோனேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, 50 ஆண்டைக் கடந்த, பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள பொருள்களுக்குப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாப்பு அளிக்கலாம். அப்படிப்பட்டவற்றை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 18ஆம் நூற்றாண்டு என்று அடித்துச் சொல்பவர், "அனுமதியெல்லாம் தேவையில்லை, கூரியரில் அனுப்பிவிடுகிறேன்" என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய். தந்தப் பிடி ஏதாவது காட்டினால் விலையே பேசாதீர்கள். அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம்.

துளைக்குள் டார்ச் அடித்து எடுத்த படம், அடிப்பரப்பின் படம், முதுகுப்பக்கத்தின் படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். "18ஆம் நூற்றாண்டு" என்று ரசீதில் எழுதி, அது தவறானால் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திடுவாரா என்றும் கேளுங்கள். மறுத்தாலும் செதுக்கு உங்கள் மனத்தை விட்டு அகலவில்லை என்றால், இன்றைய நல்ல சிற்பி ஒருவர் அதே வேலைக்கு வாங்கும் கூலியை விசாரித்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.