வார்னிஷ் கறை

அன்புள்ள ஐயா,

நான் பட்டர்வொர்த்காரன், வயது 29. பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவத்தி பிடித்துப் பவனி போகும்போது எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் கேன்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சிலுவை போட்டுக்கொள்ளக் கை வரமாட்டேன் என்கிறது. மேசைக்கு அடியில், தொடைமேல், கட்டைவிரலால் போட்டுக்கொள்கிறேன். ஆண்களுக்கான தியானம் ஒன்றில், கிறிஸ்தவ ஆண் சிங்கம்போல் இருக்க வேண்டும் என்றார்கள். நான் கோழையா? ஃபேஸ்புக்கில் நம் மதத்தைக் கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் தவறா? வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். விசுவாசமுள்ள குடும்பத் தலைவனாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

ஃபேஸ்புக்கை விடுங்கள். அங்கே பதில் எழுதி யாரும் மனம் திரும்பியதில்லை. கேன்டீனில் சிலுவை போட்டுக்கொள்ளுங்கள். மலேசிய அரசியலமைப்பு 11-ஆம் பிரிவில் உங்கள் மதத்தைப் பின்பற்றும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு நிமிடம் பார்ப்பார், அப்புறம் சாப்பிடுவார். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சிங்கத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. இரண்டு வாரமாக யோவான் நற்செய்தியின் 18, 19-ஆம் அதிகாரங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன அன்று இரவு சிங்கமாக இருந்தவர் அவருடைய சீடர் பேதுரு. ஆயுதத்தோடு வந்த கூட்டத்துக்கு நடுவில் வாளை உருவி ஒருவன் காதையே வெட்டினார். அதே இரவில், வாசல் காத்த வேலைக்காரப் பெண் ஒருத்தி “நீயும் அவருடைய சீடர்களில் ஒருவன்தானே” என்று கேட்டதும், “இல்லை” என்றார். வாளுக்கு முன்னால் வந்த தைரியம் அந்தப் பெண்ணுக்கு முன்னால் வரவில்லை.

அடுத்த அதிகாரத்தில் இரண்டு பயந்தாங்கொள்ளிகள் வருகிறார்கள். அரிமத்தியா யோசேப்பு, பயத்தினால் மறைவாகச் சீடராக இருந்தவர் என்று யோவானே எழுதுகிறார். நிக்கதேம், இரவில் யாருக்கும் தெரியாமல் இயேசுவைத் தேடிப் போனவர். உங்களைப்போல மேசைக்கு அடியில் சிலுவை போட்டவர்கள். சீடர்களில் பெரும்பாலோர் ஓடிப்போன பிறகு, ரோமானிய ஆளுநர் பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கியவர் யோசேப்பு, அவரோடு சேர்ந்து அதை அடக்கம் செய்தவர் நிக்கதேம். யோசேப்பு துணிந்து போனார் என்று மாற்கு எழுதுகிறார். அவர் யூதர்களின் ஆலோசனைச் சபையில் ஓர் உறுப்பினர். பாஸ்கா நேரம். பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்பது அவர்கள் சட்டம். ரோமானியர்களுக்கு அந்தத் தீட்டைப் பற்றி என்ன கவலை? யோசேப்பு பயப்பட வேண்டியிருந்தது தன் சொந்த ஆட்களுக்கு.

தீட்டு என்றதும் எனக்கு அப்பாவின் சட்டைதான் நினைவுக்கு வருகிறது.

1973. எனக்குப் பதினோரு வயது. கோலாலம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் பங்கில் கால்வாய் சுத்தம் செய்யும் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதலில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் இறந்துபோனார். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். அவர் பக்கம் நான்கு பேர்தான். எங்கள் ஆட்கள் சாலைக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றார்கள். அத்தனை பேரும் நற்கருணை வாங்குகிறவர்கள்.

அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தார். கையில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டினார். அம்மா வாசலில் நின்று, “நம்ம ஆளுங்க யாருமே தூக்கலையே” என்றார். அப்பா, “செருப்பு எங்க?” என்று கேட்டார்.

கோயிலில் வாசகம்கூட வாசிக்காத மனிதர் அவர். நான்கு பேர் முன்னால் நின்றால் குரல் எழும்பாது. சாலையைக் கடக்கும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவர் போய் நின்ற பிறகு இன்னொருவர் குடையை மடக்கிவிட்டுப் போனார். மலிவான பெட்டி, பூசிய வார்னிஷ் காயவில்லை. அப்பாவின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார்.

அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் அந்த மாதமே நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பெண் பார்க்கிறார்கள் என்று. தம்பி, என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருந்தது. நீங்கள் நாசி லெமாக்கைக் கேட்டிருக்கிறீர்கள்!

மலேசியாவில் யாரும் ஜாதி பார்ப்பதில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். கல்யாணப் பேச்சு வந்ததும், “பூர்வீகம் எந்த ஊரு?” என்று ஆரம்பிக்கும். “அங்க எந்தப் பக்கம்?” என்று போகும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அவங்க யாரு?” என்று வரும். கோயில் வாசலிலேயே, பூசை முடிந்த கையோடு கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் பெண்கள். பக்கத்தில் கார் சாவியை ஆட்டிக்கொண்டு, காது கேட்காதவர்போல நிற்பவர் குடும்பத் தலைவர். தியானத்தில் சிங்கம் என்று கை தட்டியவரும் அவர்தான்.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாம் எவ்வளவு பூரித்தோம். நம் தமிழ் மண்ணில் இரத்தம் சிந்திய குடும்பஸ்தர், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். உயர்ந்த ஜாதியில் பிறந்தவர், எல்லோரும் சமம் என்று தாழ்த்தப்பட்டவர்களோடு பழகினார். அரண்மனையின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப்போய், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கே விரோதம் என்று முறையிட்டார்கள். வத்திக்கான் அதை எடுத்துவிட்டது. ரோமாபுரியே விட்டதை நாம் கல்யாணத் தரகரின் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அவர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தியும் கொளுத்துகிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப்போவதில்லை.

நீங்கள் கோழை இல்லை. கோழை தன்னைப் பற்றி இப்படிக் கடிதம் எழுதமாட்டான். உங்கள் கை நடுங்கினால் நடுங்கட்டும், அப்பாவின் கையும் நடுங்கியது. ஆனால் உங்களுக்குப் பெண் பார்க்கும்போது தரகரிடம் உங்கள் அம்மா முதலில் கேட்ட கேள்வி என்ன? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று அவரிடம், அன்பாக, அவர் அழுதாலும் பரவாயில்லை என்று, சொல்ல முடியுமா?

அடுத்த கடிதத்தில் இதை எழுதுங்கள். கேன்டீனைப் பற்றி எழுத வேண்டாம்.