ஜூலையில் எந்தத் தீவு? முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஜூலை இரண்டாம் வாரத்தில் எனக்கும் மனைவிக்கும் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. அந்தமான், மாலத்தீவு, சீஷெல்ஸ் மூன்றின் படங்களையும் பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டோம். இருப்பதிலேயே அழகான கடற்கரை எது? எனக்கு நீச்சல் தெரியும், அவருக்குத் தெரியாது.

பதில்: பிப்ரவரி என்று சொல்லியிருந்தால் அந்தமான் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஜூலை என்பதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தீவுகளில் கடற்கரையின் அழகு பாதிக்கு மேல் காற்றின் கையில். மார்ச்சில் அடிமணல் தெரியத் தெளிந்து கிடக்கும் அதே கரை, ஜூலையில் கலங்கி, பாசி ஒதுங்கி, காலை நனைக்கவே யோசிக்க வைக்கும். விளம்பரப் படத்தில் எந்த மாதம் எடுத்தது என்று யாரும் போடுவதில்லை.

அந்தமானை முதலில் கழித்துவிடுங்கள். ஹேவ்லாக்கில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில் இருக்கும் ராதாநகர் கடற்கரையை 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது. அந்தப் பெயர் தகும். ஆனால் அது மேற்கு பார்த்த கரை. தென்மேற்குப் பருவக்காற்று நேரே அதன் முகத்தில்தான் அடிக்கும். கடல் மோசமானால் தீவுகளுக்கிடையே படகும் ரத்தாகும். ஒரு வார லீவில் அதற்கெல்லாம் இடமில்லை.

மாலத்தீவுக்கும் ஜூலை மழைக்காலம்தான். நாள் முழுக்கக் கொட்டாது, விடுதி வாடகையும் குறையும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: அங்கே பருவக்காற்று மாறும்போது பல குட்டித் தீவுகளில் மணலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். படத்தில் அகலமாகத் தெரியும் கரை நீங்கள் போகும்போது ஒடுங்கிப்போயிருக்கலாம். திருக்கை மீன் கூட்டத்தைப் பார்க்க ஆசை என்றால் மட்டும், பா அட்டோல் என்னும் பவளத் தீவுக்கூட்டத்தின் பக்கம் ஜூலையில் போவதில் அர்த்தம் உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது சீஷெல்ஸ், அதிலும் லா டீக் தீவு. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை குறைவு. காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அதனால் தென்கிழக்கு பார்த்த கிராண்ட் ஆன்ஸ் போன்ற கரைகளில் அலை மூர்க்கமாக இருக்கும், நீரோட்டம் ஆளை இழுக்கும். அங்கே பார்த்துவிட்டுத் திரும்புங்கள், நீச்சல் தெரிந்த நீங்களும்தான். அதே தீவின் மேற்குப் பக்கத்தில்தான் ஆன்ஸ் சூர்ஸ் தார்ஷான் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் கருங்கற் பாறைகள், மழை அரித்து வாய்க்கால் வாய்க்காலாக விழுந்தவை, மாலை வெயிலில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே துண்டு துண்டாக வெள்ளை மணல். வெளியே பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் பல இடங்களில் முழங்கால், இடுப்பு அளவுதான். உங்கள் மனைவி பயமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். சில நாள் பாசி ஒதுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல்நீரின் ஏற்றம் வற்றம் பார்த்துப் போக வேண்டிய கரை இது. முழு வற்றத்தில் கல்லும் பவளத் துண்டும் காலைக் குத்தும். முழு ஏற்றத்தில் பாறைகளுக்கு இடையிலான மணல் பல இடங்களில் மூழ்கிவிடும். நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, பாதி ஏற்றத்தில் போவதுதான் சரி. நேரத்தை விடுதியில் கேட்டால் சொல்வார்கள். பழைய தென்னந்தோப்பு ஒன்றின் வழியாகக் கட்டணம் கட்டித்தான் நுழைய வேண்டும். தீவில் சைக்கிள்தான் வண்டி.

மூன்று இரவு லா டீக், இரண்டு இரவு பக்கத்துப் பிராலின் தீவு என்று வையுங்கள். பிராலினில் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆன்ஸ் லாசியோ ஜூலையில் காற்றுக்கு மறைவான கரை. சீஷெல்ஸின் முதன்மைத் தீவான மாஹேயிலிருந்து பிராலினுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம்; இந்தப் பருவத்தில் நன்றாகத் தூக்கிப் போடும், வாந்தி மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பயண அனுமதியை மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டும். தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. வணிகத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் எழுப்பியது.

சீஷெல்ஸ் செலவு கையைக் கடிக்கும். சாப்பாட்டு விலையே திடுக்கிட வைக்கும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. ஜூலையில் இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது, கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, நிலத்தைத் தாண்டி வருவதால் கிழக்குக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அங்கிருந்து படகில் புறாத்தீவுக்குப் போனால் பவளத்தையும் பார்க்கலாம். கொழும்பிலிருந்து சாலையில் ஆறேழு மணி நேரம்.

எதை முடிவு செய்தாலும், விடுதிக்குப் பணம் கட்டும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தக் கரையை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி நுரைக்கோடும், உள்ளே வெளிர்ப்பச்சை நீரும் தெரிந்தால் அநேகமாக அலை அடங்கிய இடம். நுரை மணல் வரை வந்து அடித்தால் வேறு விடுதி தேடுங்கள்.