பால் பைத்தான் மூன்று வாரமாகச் சாப்பிடவில்லையா? முதலில் கூண்டைப் பாருங்கள்

நண்பரே, பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் சிறிய மலைப்பாம்பு வகை) வாங்கி மூன்று வாரம், கொடுத்த எலியைத் தொடவில்லை, தினமும் கையில் எடுத்துப் பழக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் உறுத்துகிறது. புது இடத்தில் அது மிரண்டு போயிருக்கும். பத்து நாள் தொடாமல் விடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரே பெட்டி என்கிறீர்கள், போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். சூடான பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ் வேண்டும். தெர்மாமீட்டரில் பாருங்கள், கையால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கில்லை. சூடு குறைந்தால் செரிக்காது, பிறகு எங்கே சாப்பிடும்?

அப்புறம் எலி. ஃபிரீசரில் இருந்ததை முழுவதும் உருகவிட்டு, வெந்நீரில் சூடாக்கி, இரவில் இடுக்கியால் நீட்டுங்கள். உதட்டோரக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் அது இரையைக் கண்டுகொள்கிறது, ஜில்லென்ற எலியை மதிக்காது. உயிர் எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கண் நீலம் பூத்திருந்தால் தோல் உரிக்கப்போகிறது, அது முடியட்டும்.

வளர்ந்த பாம்பு சில மாதம்கூடப் பட்டினி தாங்கும். குட்டி என்றால் அவ்வளவு பொறுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, மூச்சில் விசில் சத்தமோ வாயில் நுரையோ வந்தாலோ உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.